ரீகனுக்குச் சொல்ல வேண்டிய பறவைகள்

மார்ச் 3, செவ்வாய்

ரீகன் இருக்கும் கப்பலில் இணையத்தை நிறுத்திவிட்டார்கள். இனி படம் அனுப்ப முடியாது. காற்று திரும்பி, கப்பல் நங்கூரத்தைச் சுற்றிக் கரைப் பக்கம் வரும்போது மட்டும் போனில் சிக்னல் கிடைக்குமாம். அதுவும் உச்சித் தளத்தில் ஏறி நின்றால்தான். கிடைக்கிற கொஞ்ச நேரத்தை "அப்புறம்?", "அப்புறம் என்ன, நீங்கதான் சொல்லணும்" என்று மாறி மாறிக் கேட்டே தொலைத்துவிடுகிறோம். போனை வைத்த பிறகுதான் சொல்ல நினைத்ததெல்லாம் வரிசையாக ஞாபகம் வருகிறது. அதனால் எழுதி வைக்கப்போகிறேன். ரீகனுக்குச் சொல்ல வேண்டிய பறவைகள் மட்டும். வேறொன்றும் எழுதுவதாக இல்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் முகத்துவாரத்துக்குப் போனேன். ஆறு கடலில் சேரும் இடத்தில் இந்த வருடம் மணல் திட்டு நன்றாக நீண்டிருக்கிறது. கொசு உள்ளான்கள் தின்று தின்று உருண்டையாகிவிட்டன. வடக்கே சைபீரியா வரை பறக்க வேண்டுமே, கொழுப்பு சேர்க்கின்றன. வளைமூக்கு உள்ளான்களுக்கு மார்பில் செங்கல் நிறம் ஏறத் தொடங்கிவிட்டது. திட்டின் கோடியில் நண்டு தின்னிகள், சிறு கூட்டம். நம் பக்கம் அவை வருவதே அபூர்வம். இளசு ஒன்று தாயளவுக்கு வளர்ந்த பிறகும் பின்னாலேயே ஓடி, கத்திக் கத்தி நண்டு வாங்கித் தின்கிறது.

கல்லூரி விலங்கியல் துறையின் கணக்கெடுப்புக்கு இந்தத் திட்டு என் பொறுப்பு. போகிற பறவைகள் எப்போது கிளம்புகின்றன, உள்ளூர்ப் பறவைகள் எங்கே முட்டையிடுகின்றன, மே முடியும்வரை பார்த்துச் சொல்ல வேண்டும். போன வருடம் ரீகனும் இருந்தார். எந்தப் பறவையைக் காட்டினாலும் "உள்ளான்" என்பார். கழுகைக் காட்டியபோதும்.

மார்ச் 8, ஞாயிறு

பூசை. பத்தாம் வகுப்பு விடைத்தாள். மாமாவின் வேட்டிகளுக்குக் கஞ்சி போட்டேன். ரீகனின் அப்பாவுக்கு வேட்டி மொடமொடவென்று நிற்க வேண்டும்.

மாமா செருப்பு மாட்ட முடியாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "ஏ பிள்ள, இந்தச் செருப்பு சுருங்கிப் போச்சு பாத்துக்க."

"செருப்பு எங்க மாமா சுருங்கும்? காலு வீங்கியிருக்கு."

"துறமுகத்துல நாப்பது வருசம் இழுவப் படகு ஓட்டுன காலு. அதுக்குக் கொஞ்சம் வீங்க உரிமையில்லையா?"

அவரைச் சிரிக்காமல் பார்ப்பது கஷ்டம். விரலால் அழுத்தினேன். பள்ளம் அப்படியே நின்றது.

பறவை பார்க்கப் போகவில்லை.

மார்ச் 14, சனி

தூத்துக்குடி ஆஸ்பத்திரி. மாமாவின் இதயம் வீங்கித் தளர்ந்திருக்கிறது. தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும், உப்பு கூடாது. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "மகன் எப்ப வருவாரு?" என்றார். தெரியாது என்றேன். "சீக்கிரம் வரச் சொல்லுங்க" என்றார்.

ரீகன் இரண்டாம் இன்ஜினியராக இருக்கும் சரக்குக் கப்பல் போன ஆவணியிலிருந்து வளைகுடா நாடொன்றின் துறைமுகத்துக்கு வெளியே நிற்கிறது. முதலாளிக் கம்பெனி போனை எடுப்பதில்லை. கோர்ட்டு கப்பலை நகர்த்தக் கூடாது என்றுவிட்டது. ஆளில்லாமல் கப்பலை விட முடியாதென்று ரீகன் உட்பட நாலு பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட்டார்கள். மாற்று ஆள் வந்தால்தான் அந்த நாலு பேரும் இறங்கலாம். இதையெல்லாம் பறவைக் குறிப்பில் எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பஸ்ஸில் மாமா என் கையைப் பிடித்தார். கல்யாணமாகி வந்த இந்த ஏழு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"அவன்ட்ட சொல்லிராத தாயி. கடல்ல நிக்கவன் எறங்கி ஓடவா முடியும்? அந்த இரும்புக்குள்ள கெடந்து வேவான். அப்படிக் கெடக்க ஆளுவ என்ன செஞ்சிக்கிடுவாவன்னு நான் பாத்திருக்கேன். சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன் மாமா."

மார்ச் 16, திங்கள்

ரீகன் பேசினார். உள்ளான்கள் சிவந்ததைச் சொன்னேன். இளசு கெஞ்சித் தின்பதைச் சொன்னதும் சிரித்தார்.

"அப்பா எங்க?"

"தூங்குதாவ."

"இந்நேரமா?"

"வெயில்லா? கண்ணசந்துட்டாவ."

எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமா, சரி என்பதுபோலத் தலையாட்டினார்.

மார்ச் 22, ஞாயிறு

முதல் கூடு! உப்புக்கொத்தி. கூடு என்று சொல்லக்கூடாது; மணலில் ஒரு சின்னக் குழி, சுற்றி நாலைந்து சிப்பித் துண்டு, நடுவில் மண் நிறத்தில் மூன்று முட்டை. இரண்டு தடவை தாண்டிப் போனபோதும் கண்ணில் படவில்லை. மூன்றாவது தடவை தாய்ப்பறவை இறக்கை ஒடிந்ததுபோல நொண்டிக்கொண்டு ஓடி என்னை இழுத்துப் போகப் பார்த்தது. அப்போதுதான் நின்ற இடத்திலிருந்து அசையாமல் தேடினேன்.

பகலில் பெண் உட்கார்கிறது. பொழுது சாய்ந்ததும் ஆண் வந்து மாற்றிக்கொள்கிறது. இது ஓடிப்போய் அலை ஓரத்தில் நிற்கும், அது வந்து அமரும். சண்டையில்லை, சத்தமில்லை. மதியம் மணல் கொதிக்கும்போது தண்ணீரில் வயிற்றை நனைத்து வந்து முட்டைமேல் அமர்ந்து குளிர வைக்கிறது. கொஞ்சம் தள்ளி ஆலாக்கள் வட்டமிடுகின்றன. சின்ன ஆலா. அவையும் இங்கேதான் முட்டையிடப் பார்க்கின்றன.

திரும்பும்போது படகுச் சங்கத் தலைவர் கிளமென்ட்டைப் பார்த்தேன். வாய்க்கால் தூர்ந்துவிட்டதாம். அடுத்த வாரம் தூர்வாரும் இயந்திரம் வருகிறது. மணலை எங்கே கொட்டப் போகிறார்கள் என்று கேட்டேன். திட்டைக் கை காட்டினார்.

"அங்க முட்டையிட்டிருக்கு. ஒரு மாசம் பொறுக்க முடியாதா?"

"டீச்சர், போன மாசம் முகத்துவாரத்துல ரெண்டு போட்டு கவுந்துச்சு. ஆளுவ பொழச்சது மாதா புண்ணியம். நீங்க முட்டையப் பத்திப் பேசுதீய."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. கவிழ்ந்த படகுகளில் ஒன்று என் வகுப்புப் பையனின் அப்பாவுடையது.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

சங்கக் கூடத்துக்குப் போனேன். மாமாவும் வருவேன் என்று கிளம்பிவிட்டார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. வழியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். பறவை பார்ப்பதைப் பற்றி அவர் கருத்து எனக்குத் தெரியும்: "அதுவ பாட்டுக்கு வருது, போவுது. எண்ணிப் பாத்துட்டு என்ன செய்யப் போறிய?" அதனால் எதற்கு வருகிறார் என்று புரியவில்லை.

நான் கணக்கெடுப்பு விவரத்தைச் சொன்னேன். எத்தனை வகை, எவ்வளவு தூரத்திலிருந்து வருகின்றன, குஞ்சு பொரிக்க எத்தனை நாள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பிறகு மாமா நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார்.

"கிளமென்ட்டு, எனக்குப் பறவையும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. எம் மவன் அங்க கெடக்கான். இவ பள்ளிக்கூடத்துக்குப் போறா, எனக்குக் கஞ்சி வைக்கா, பொறவு அந்தத் திட்டுல போயி நிக்கா. அழுது நான் பாத்ததில்ல. அங்க போயித்தான் அழுதாளோ என்னவோ. அவன் வார வரைக்கும் இவளுக்குப் போக்கிடம் அது ஒண்ணுதாம்ல. அதையும் மண்ணப் போட்டு மூடிட்டா இவ எங்க போவா?"

கிளமென்ட் தலையைச் சொறிந்துகொண்டு பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கேட்டார். பிறகு, "வடகரையில கொட்டுவோம். குழாய்தான் நீளமா இழுக்கணும். குஞ்சு எந்திரிக்க வரைக்குந்தான் மாமா, அதுக்கு மேல முடியாது" என்றார்.

மாமா பொருத்தமில்லாமல் ஏதோ பேசிவிட்டார். நான் விவரங்களை இன்னும் தெளிவாகச் சொல்லியிருந்தால் அதற்கு அவசியமே வந்திருக்காது. நான் அங்கே போவது கணக்கெடுக்கத்தான்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

மாமா சிலுவைப்பாதைக்கு வரவில்லை. இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தபடி படுத்தால்தான் மூச்சு விட முடிகிறது.

ஏப்ரல் 5, உயிர்ப்பு ஞாயிறு

நண்டு தின்னிகள் கிளம்பிவிட்டன. என் கண் முன்னால்.

சாயங்காலம் நீர் ஏறிக்கொண்டிருந்தது. ஒன்று கத்தியது, இன்னொன்று பதில் கத்தியது, பிறகு எல்லாம் சேர்ந்து கத்தத் தொடங்கின. சட்டென்று எழும்பின. கறுப்பும் வெள்ளையுமாய் ஆற்றுக்கு மேலே ஒரு வட்டம், திட்டுக்கு மேலே ஒரு வட்டம். திரும்பி இறங்கிவிடும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. மேற்கே திரும்பி உப்பளங்களுக்கு மேலாக உயர்ந்து உயர்ந்து போயின. பைனாகுலரில் புள்ளியாகும்வரை பார்த்தேன். பிறகு புள்ளியும் இல்லை.

அவை முட்டையிடப் போவது வளைகுடாவின் தீவுகளுக்கு. மணலில் வளை தோண்டி அதற்குள் இடும். பாஸ்போர்ட் இல்லை, மாற்று ஆள் இல்லை, கோர்ட்டு இல்லை.

கெஞ்சித் தின்னும் இளசு மட்டும் போகவில்லை. முதல் வருடத்துப் பறவைகள் சில அப்படித்தான் தங்கிவிடும். வெறும் மணலில் நின்று கத்திக்கொண்டிருந்தது. இருட்டும்வரை இருந்தேன். வீட்டில் கறி ஆறிப்போயிருந்தது.

ஏப்ரல் 9, வியாழன்

உப்புக்கொத்திக் கூட்டில் ஒரு முட்டை குறைகிறது. காக்கையாக இருக்கும்.

ஏப்ரல் 13, திங்கள்

இதை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் மாமாவை இரண்டாம் தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வைத்துப் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை, வீட்டில் இருக்கட்டும் என்றார்கள். அவரைப் படுக்க வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தேன். போன் அடித்தது.

"டெல்பி! இன்னைக்கு ஒண்ணு பாத்தேன். கப்பலுக்கு மேல சுத்துச்சு. கறுப்பும் வெள்ளையும். காலு நீட்டு. மூக்கு தடியா, கத்தி மாதிரி. உள்ளான் இல்ல. சத்தியமா உள்ளான் இல்ல!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது நண்டு தின்னிங்க."

"நம்மூர்லேர்ந்து வந்ததா?"

எத்தனையோ கரையிலிருந்து அங்கே போகும். அவைதான் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. "நம்மூர்லேர்ந்துதான்" என்றேன்.

காற்றுச் சத்தத்தோடு அவர் சிரிப்பும் கேட்டது. பிறகு, நான் மறந்தே போயிருந்த ஒரு குரலில், எங்களுக்குக் கல்யாணமான புதிதில் இருந்த குரலில் சொன்னார்: "அப்பாட்ட போனக் குடு. அவிய நம்பவே மாட்டாவ. நானே சொல்லுதேன்."

தூங்குதாவ என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தவரிடம் அந்தப் பொய்யை இன்னொரு தடவை சொல்ல என்னால் முடியவில்லை.

"ஏங்க, மாமாக்குச் சொகமில்ல. இதயம். ரொம்பச் சொகமில்ல."

"எப்பலேர்ந்து?"

"ஒரு மாசத்துக்கு மேல."

"ஒரு மாசமா தூங்குதாவ தூங்குதாவன்னு சொன்னியா டெல்பி?"

பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. கப்பல் திரும்பியிருக்கும். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

திரும்பினால், மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். எல்லாம் கேட்டிருந்தது.

"வாக்குக் குடுத்தியே" என்றார். "எம் பிள்ளயக் கொன்னுட்டியே பிள்ள."

ஏப்ரல் 15, புதன்

மாமா என்னோடு பேசவில்லை. நான் நீட்டும் மாத்திரையை வாங்குவதில்லை. மேசையில் வைத்துவிட்டு நகர்ந்தால், தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறார். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். எனக்காக மூச்சிரைக்க நடந்து வந்து சங்கத்தில் பேசிய மனிதர்.

ரீகனிடமிருந்து போன் இல்லை. சிக்னல் இல்லையா, கோபமா, வேறு எதுவுமா? மாமா பஸ்ஸில் சொன்னது காதிலேயே இருக்கிறது. போனை இடுப்பிலேயே செருகிக்கொண்டு பாத்திரம் தேய்க்கிறேன், துணி காயப்போடுகிறேன்.

முகத்துவாரம் போனேன். வளைமூக்கு உள்ளான் ஒன்றுகூட இல்லை. எல்லாம் போய்விட்டன.

ஏப்ரல் 18, சனி

பேசினார்! எடுத்ததும் கேட்டது ஒன்றுதான்: "அப்பாட்ட குடு."

போனை மாமாவின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். ஒலி பெரிதாக இருந்ததால் எனக்கும் கேட்டது. என்னென்னவோ பேசப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

"ஜெனரேட்டர் ஓடுதால?"

"ஓடுதுப்பா."

"தண்ணி?"

"படகுல கொண்டாந்து தாராவ."

"நங்கூரச் சங்கிலி எவ்வளவு விட்டிருக்கிய?"

ரீகன் சொன்னார்.

"பத்தாதே. காத்து பலமா அடிச்சா இழுத்துட்டுப் போயிருமே. கேப்டன்ட்ட சொல்லி இன்னுங் கொஞ்சம் விடச் சொல்லு."

"சொல்லுதேன்பா. நீங்க மாத்திர ஒழுங்காப் போடுதியளா?"

மாமா என்னைப் பார்த்தார். "ம்" என்றார். "போடுதேன்."

இவ்வளவுதான். சங்கிலி, காற்று, மாத்திரை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "குரலு தெளிவாத்தான் இருக்கு" என்றார், என்னிடம் சொல்லாததுபோல. கொஞ்சம் கழித்து என் பக்கம் கையை நீட்டினார், மாத்திரைக்காக.

ஏப்ரல் 25, சனி

இரண்டு விஷயம்.

உப்புக்கொத்திக்கு இரண்டு குஞ்சு; பொரித்துச் சில நாளாகியிருக்கும், இன்றுதான் கண்ணில் பட்டன. பொரித்த அன்றே ஓடத் தொடங்கிவிடும். பஞ்சு உருண்டைக்குத் தீக்குச்சியில் கால் வைத்த மாதிரி.

ரீகன் வருகிறார்.

இன்ஜின் அறைக்கு ஒரே ஒரு மாற்று ஆளை அனுப்புகிறார்களாம். முறைப்படி இறங்க வேண்டியவர் ரீகன் இல்லை, ஷிஹாபுதீன். இலங்கை மன்னார்க்காரர், ரீகனோடு அதே இன்ஜின் அறையில் வேலை பார்ப்பவர், ரீகனுக்கும் முன்பே அந்தக் கப்பலில் ஏறியவர். அவர் கேப்டனிடம் போய், "இவன் போகட்டும். இவன்ட வாப்பா காத்திருக்க மாட்டார்" என்று சொல்லிவிட்டாராம். ரீகன் முடியாது என்றிருக்கிறார். அவரே ரீகனின் பெட்டியைக் கட்டி வெளியே வைத்துவிட்டாராம்.

ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். சமையல் செய்தேன், தீய விட்டேன், மறுபடி செய்தேன். அதற்கப்புறம்தான் நஸ்ரியா ஞாபகம் வந்தது. ஷிஹாபுதீனின் மனைவி. கப்பலில் இருக்கும் நாலு பேர் வீட்டுப் பெண்களும் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். தினமும் காலையில் அவள் குரல்தான் முதலில் வரும்: "இண்டைக்கு ஏதும் தகவல் இருக்கா?" மன்னார் இங்கிருந்து இதே கடலுக்கு அந்தப் பக்கம். அவள் வீட்டுக்கு மேலே பறக்கிற ஆலா மறுநாள் எங்கள் திட்டில் இறங்கலாம்.

இன்று காலையும் கேட்டிருந்தாள். நான் பதில் போடவில்லை.

மே 2, சனி

கிளமென்ட் திட்டுக்கு வந்தார். "எங்க டீச்சர் உங்க குஞ்சு? ஒண்ணையுங் காணல."

"காலக் கீழ வைக்காதீய!"

தூக்கிய காலோடு அப்படியே நின்றார். அவர் நிழலிலேயே ஆலாக்குஞ்சு ஒன்று மணலோடு மணலாக ஒட்டிக் கிடந்தது. தாய் வந்து அவர் தலையில் ஒரு கொத்து. ஒற்றைக் காலில் தள்ளாடியபடியே, "அடேயப்பா, ஒங்க மாமா மாதிரில்லா சண்டைக்கு வருது" என்றார். திட்டில் மணல் கொட்டுவதை இன்னும் இரண்டு வாரம் தள்ளிப்போடச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, வந்த தடத்திலேயே அடியெடுத்து வைத்துத் திரும்பிப் போனார்.

மே 6, புதன்

பஸ் நிலையத்துக்குப் போய்க் கூட்டி வர வேண்டும் என்று புதுச் சேலை எடுத்து வைத்திருந்தேன். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கீழே ஆட்டோ நின்றது. நைட்டியோடும் தோளில் ஈரத் துண்டோடும் ஓடினேன்.

வாசலில் நின்றார். கன்னம் ஒட்டி, தாடியில் நரை. செருப்பைக் கழற்றிவிட்டும் உள்ளே வரவில்லை. யாராவது கூப்பிட வேண்டும் என்பதுபோல நின்றார். நான் பெட்டியை வாங்கினேன். கை பட்டது.

உள்ளேயிருந்து மாமா: "யாரது?"

"நான்தாம்பா."

"ஏம்ல இப்படி எளச்சிட்ட?"

"நீங்க என்னயப் பாக்கவே இல்லியேப்பா."

"குரலு எளச்சிருக்குல."

அப்போதுதான் உள்ளே போனார். கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து அப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மே 8, வெள்ளி

"சாப்பாடு எப்படி இருந்துச்சு அங்க?" என்று கேட்டேன். "இருந்துச்சு." "தண்ணி?" "இருந்துச்சு."

அரை வாளித் தண்ணீரில் குளிக்கிறார். நான் குழாயைத் திறந்தால் பின்னாலேயே வந்து மூடுகிறார். வீடு அசையாமல் இருப்பது தூக்கத்தைக் கெடுக்கிறதாம். அதுகூட நானே கேட்டு வாங்கிய பதில்.

திட்டுக்குக் கூட்டிப் போனேன். பைனாகுலரைக் கையில் வைத்திருந்தார், கண்ணுக்குக் கொண்டு போகவில்லை. ஆலா மூழ்கி மீனோடு எழும்பியது. உள்ளான் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து அறையில் இருக்கிறவருக்குச் சொல்ல வேண்டியதை இன்னும் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மே 14, வியாழன்

காலையில் ரீகன் அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டார். வெந்நீர், சோப்பு நுரை, தோளில் துண்டு. மாமா முகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். "மீசைய விட்டுருல" என்றார். ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்துக்கு வரும்போது ரீகன் என்னைக் கூப்பிட்டார். கூப்பிட்ட விதத்திலேயே தெரிந்தது.

ரீகன் மறு கன்னத்தையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

மே 15, வெள்ளி

அடக்கம். சங்கத்துப் படகு ஒன்றும் கடலுக்குப் போகவில்லை.

மே 24, ஞாயிறு

முந்தாநாள் திட்டின்மேல் மணல் கொட்டத் தொடங்கிவிட்டார்கள். குஞ்சுகளெல்லாம் பறந்துவிட்டன. கிளமென்ட் ஆள் அனுப்பி, ஒரு தடவை வந்து பார்த்துச் சொல்லச் சொன்ன பிறகுதான் இயந்திரத்தை ஓட்டினார்கள். கணக்கெடுப்பு விவரத்தைக் கல்லூரிக்கு அனுப்பியாயிற்று. இனி எழுத வேலையில்லை. ஆனாலும் இன்று நடந்ததை எழுத வேண்டும்.

மத்தியானத்துக்கு முன்னால், உலையில் அரிசி போட்டிருந்தபோது போன் அடித்தது. நஸ்ரியா. குழுவில் இல்லாமல் எனக்கே நேராகக் கூப்பிட்டிருந்தாள். எடுக்கப் பயந்தேன். அவள் புருஷன் வந்திருக்க வேண்டிய இடத்தில் என் புருஷன் வந்திருக்கிறார். என்ன கேட்டாலும் என்னிடம் பதில் கிடையாது. எடுத்தேன்.

"தங்கச்சி, மாமா மௌத்தான செய்தி எங்கட அவர்தான் சொன்னார். அல்லாகிட்ட துஆ செஞ்சன்" என்றாள். பிறகு தயங்கினாள். "ஒண்டு கேக்கட்டா? கோவிக்க வேணாம்."

"கேளுங்க அக்கா."

"அவர் மெலிஞ்சிட்டாரா? நான் எப்ப கேட்டாலும் நல்லா இருக்கன் எண்டு மட்டும்தான் சொல்றார். வேற ஒண்டும் கதைக்கிறார் இல்ல. உங்கட வீட்டுக்காரர் கூடவே இருந்தவர்தானே. அவர் சொன்னா நம்புவன்."

ரீகன் கூடத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்தார். போனை நீட்டி, "ஷிஹாப் அண்ணன் வீட்டுல" என்றேன். வேண்டாம் என்பதுபோலக் கையை அசைத்தார். நான் நீட்டியபடியே நின்றேன். வாங்கினார்.

"அண்ணன் நல்லா இருக்காவ அக்கா" என்றார்.

அந்தப் பக்கம் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. நிறைய நேரம் பேசினாள். ரீகன் தரையில் இறங்கிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"மெலிஞ்சிட்டாவதான் அக்கா" என்றார். "பொய் சொல்லல. எல்லாரும் மெலிஞ்சிட்டோம். தைமாசம் ஜெனரேட்டர் நின்னு போச்சு. சமைக்க முடியாது, உள்ள படுக்க முடியாது, குடிக்க துருத் தண்ணி. துணியில வடிகட்டி அண்ணந்தான் எல்லாருக்கும் குடுப்பாவ, கடைசியாத்தான் குடிப்பாவ. தூண்டில்ல மீன் மாட்டுனா ஒங்க பேரச் சொல்லித்தான் சமைப்பாவ. நஸ்ரியா இப்படி வைப்பா, நஸ்ரியா புளி இவ்வளவு போடுவான்னு."

அவள் அழுதாளோ சிரித்தாளோ, ஒரு சத்தம் கேட்டது.

"இன்னொண்ணு சொல்லணும் அக்கா. நான் இங்க யார்ட்டயும் சொல்லல." தரையையே பார்த்துக்கொண்டு பேசினார். நான் கதவருகே நிற்பது தெரியாமல் இல்லை. "அந்தச் சமயத்துல எனக்குப் புத்தி சரியில்லாமப் போச்சு. சாப்பிடல, பேசல. ஓரத்துக் கம்பியப் புடிச்சிட்டுத் தண்ணியவே பாத்துட்டு நிப்பேன். குதிச்சிரலாம்னுதான் நின்னேன். அண்ணன் ஒண்ணுமே கேக்கல. பக்கத்துல வந்து நின்னாவ. எத்தன நாளு நின்னாவன்னு எனக்குத் தெரியல. படுக்கும்போது ஒரு கயித்த எடுத்து, என் மணிக்கட்டையும் அவிய மணிக்கட்டையும் சேத்துக் கட்டிட்டுத்தான் படுப்பாவ. நான் அசஞ்சா முழிச்சிருவாவ. அவிய இல்லேன்னா எங்கப்பா மொகத்த நான் பாத்திருக்க மாட்டேன் அக்கா. டெல்பி மொகத்தையும்."

தை மாதம். அந்த மாதம் ஒரே ஒரு தடவை பேசினார். கப்பலைச் சுற்றி நிறையக் கடற்காக்கை வருகிறது என்று சொன்னார். என்ன வகை என்று நான் கேட்டேன். கால் நிறத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன்.

சோறு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். என் பக்கம் திரும்பவில்லை, நிறுத்தவும் இல்லை. கேப்டன் எப்படிப்பட்டவர், கப்பலில் எந்த மூலையில் நிழல் விழும், ஷிஹாப் அண்ணன் தூக்கத்தில் என்ன பேசுவார், பெட்டியைக் கட்டிய அன்று என்ன சொல்லித் திட்டினார், எல்லாம் சொன்னார். வெயில் முற்றத்தைத் தாண்டி உள்ளே வந்தது. நஸ்ரியா கேட்டுக்கொண்டிருந்தாள். நானும்.